எக்ஸ்ட்ரா பாயின்ட் விதியை மாற்றுவது எப்படி? என்.எஃப்.எல். செய்த வேலை, படிப்படியாக

அமெரிக்கக் கால்பந்தில் மைதானத்தின் கோடியில் இருக்கும் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோவது டச்டவுன், அதற்கு 6 புள்ளி. அடித்த அணிக்கு அதற்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. பந்தை உதைத்துக் கோல்போஸ்டின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 1 புள்ளி. இதுதான் எக்ஸ்ட்ரா பாயின்ட். உதைக்காமல், ஓடியோ பாஸ் கொடுத்தோ பந்தை மறுபடி எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோனால் 2 புள்ளி. இது டூ-பாயின்ட் கன்வர்ஷன். எது வேண்டும் என்பதை அடித்த அணியே முடிவு செய்யும்.

2015 மே மாதம் அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். இந்த விதியைத் திருத்தியது. உதைக்கும் அணி ஆட்டத்தைத் தொடங்கும் இடம் 2 யார்டு கோட்டிலிருந்து (எண்ட் ஸோன் தொடங்கும் கோல் கோட்டுக்கு 2 யார்டு முன்னால்) 15 யார்டு கோட்டுக்குப் போனது. வெறும் 13 யார்டு. ஆனால் அதை நகர்த்துவதற்குள் பழைய கணக்கைப் புரட்டினார்கள், சீஸனுக்கு முன் நடக்கும் ப்ரீசீஸன் ஆட்டங்களில் சோதித்தார்கள், வேறு பல யோசனைகளைக் கழித்துக்கட்டினார்கள், 32 அணிகளின் உரிமையாளர்களிடம் வாக்கெடுத்தார்கள். விளையாட்டு விதி ஒன்றை எப்படித் திருத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. "இந்த ரூல மாத்தணும்பா" என்று நீங்கள் எப்போதாவது வாதாடியிருந்தால், உங்கள் யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படிகளில் ஏற்றிப் பாருங்கள்.

படி 1: விதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

எக்ஸ்ட்ரா பாயின்ட் பின்னால் ஒட்டவைத்த வால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அதுதான் தலை. 1883-இல் புள்ளிகளை முதலில் வகுத்தபோது டச்டவுனுக்கு 2 புள்ளி, அதற்குப் பின் உதைக்கும் கோலுக்கு 4 புள்ளி. அதாவது டச்டவுன் என்பதே உதைக்கும் உரிமையைச் சம்பாதிக்கும் வழியாகத்தான் இருந்தது. பிறகு 1897-இல் டச்டவுன் 5, உதை 1 என்று ஆனது. 1912-இல் டச்டவுன் 6 ஆனது. ஆட்டம் காலிலிருந்து கைக்கு மாறிய கதை இந்த மூன்று ஆண்டுகளிலேயே இருக்கிறது.

கோல்போஸ்ட் நிற்கும் இடமும் மாறியிருக்கிறது. என்.எஃப்.எல். 1933-இல் அதைக் கோல் கோட்டின் மேலேயே நட்டது. 1974-இல் எண்ட் ஸோனின் பின் ஓரத்துக்குத் தள்ளியது. அந்த ஒரே மாற்றத்தில் எக்ஸ்ட்ரா பாயின்ட் உதையின் தூரம் 10 யார்டு கூடியது. ஆகவே, "தூரத்தைக் கூட்டுவது மரபுக்கு விரோதம்" என்று யாராவது சொன்னால், 1974-ஐக் காட்டலாம்.

டூ-பாயின்ட் கன்வர்ஷனுக்கு வேறு வரலாறு. கல்லூரி ஆட்டத்தில் 1958-இலேயே வந்துவிட்டது. போட்டி லீகாக 1960-இல் தொடங்கிய ஏ.எஃப்.எல். அதை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தது. 1970-இல் இரண்டு லீகும் இணைந்தபோது அதைக் கைவிட்டார்கள். என்.எஃப்.எல்.லுக்குள் அது வந்தது 1994-இல். அந்த சீஸனின் தொடக்க நாளன்று கிளீவ்லண்ட் பிரவுன்ஸின் டாம் டுப்பா, உதைக்கப் பந்தைப் பிடித்துக் கொடுக்கும் ஹோல்டராக மண்டியிட்டிருந்தவர், பந்தை வைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு எழுந்து ஓடி, லீகின் முதல் டூ-பாயின்ட்டை எடுத்தார். 'டூ-பாயின்ட் டுப்பா' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. இந்தத் தந்திரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

படி 2: நோயை எண்ணிக் காட்டுங்கள்

"போரடிக்குது" என்பது புகார்தான். விதியை மாற்ற அது போதாது. எவ்வளவு போரடிக்கிறது என்று எண்ணிக் காட்ட வேண்டும்.

2013 சீஸனில் 1,267 எக்ஸ்ட்ரா பாயின்ட் உதைத்தார்கள். தவறியவை 5. 2014-இல் 1,230 உதை, தவறியவை 8. நூற்றுக்கு 99-க்கு மேல் உள்ளே போகும் உதையை ரசிகர்கள் பார்ப்பதே இல்லை. சமையலறைக்கு எழுந்துபோகும் நேரம் அது. 2014 ஜனவரியில் கமிஷனர் ரோஜர் குடெல் வெளிப்படையாகவே இதைப் பேசினார்: முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டம் இது, ஏதாவது செய்ய வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை வலுவான வாதம் சலிப்பு அல்ல, காயம். 2012 நவம்பரில் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக நியூ இங்கிலண்ட் பேட்ரியாட்ஸ் 59-24 என்று நொறுக்கிய ஆட்டம். வெற்றி உறுதியான கடைசிக் கட்டத்தில் ஓர் எக்ஸ்ட்ரா பாயின்ட். அதில் தடுப்பாளராக நின்ற ராப் கிரன்கௌஸ்கி முன்கையை உடைத்துக்கொண்டார். லீகின் மிகச் சிறந்த டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யும் வீரர்), யாரும் கவனிக்காத ஓர் உதைக்காக அடிபட்டார். ஒவ்வொரு எக்ஸ்ட்ரா பாயின்ட்டிலும் களத்தில் நிற்கும் 22 பேரில் பெரும்பாலோர் முழு வேகத்தில் மோதுகிறார்கள். முடிவே மாறாத ஒன்றுக்கு அந்த விலை நியாயமா என்று கேட்டால், பழைய விதியின் ஆதரவாளர்களிடம் நல்ல பதில் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் எழுதி வையுங்கள். தவறவே தவறாது என்று எல்லோரும் நம்புவதால்தான் தவறும்போது இடி விழுந்ததுபோல் இருக்கிறது என்பது அது. 2003 டிசம்பரில் நியூ ஆர்லின்ஸ் செயின்ட்ஸ் ஜாக்ஸன்வில்லுக்கு எதிராகக் கடைசி விநாடியில் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி நம்ப முடியாத ஒரு டச்டவுன் அடித்தார்கள். ஜாக்ஸன்வில் 20, செயின்ட்ஸ் 19. எக்ஸ்ட்ரா பாயின்ட் உள்ளே போனால் சமனாகி ஓவர்டைம். அனுபவசாலி ஜான் கார்னி உதைத்தது வெளியே போய்விட்டது. ஆட்டம் அதோடு சரி. அந்த அதிர்ச்சி பழைய விதியின் சொத்து, மறுக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அதிர்ச்சிக்காக ஆயிரக்கணக்கான வெற்று உதைகளைச் சுமக்க வேண்டுமா?

படி 3: திருகக்கூடிய திருகுகளை எல்லாம் மேசையில் வையுங்கள்

ஒரே ஒரு தீர்வோடு போனால் விவாதம் "வேணும், வேண்டாம்" என்று சுருங்கிவிடும். இந்த விதியில் எதையெல்லாம் மாற்றலாம்? உதையின் தூரம், கோல்போஸ்டின் அகலம், உதை இருக்கலாமா கூடாதா, 2 புள்ளி ஆட்டத்தின் தூரம், தடுக்கும் அணிக்குக் கிடைக்கும் பரிசு. இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உண்மையிலேயே முயன்று பார்த்திருக்கிறார்.

உதையை ஒழிப்பது பழைய யோசனை. 1968 ப்ரீசீஸனில் இரண்டு லீக் அணிகளும் மோதிய ஆட்டங்களில் உதை கிடையாது. ஓடியோ பாஸ் செய்தோ 1 புள்ளி எடுக்க வேண்டும். 1974-இல் தொடங்கிய வேர்ல்டு ஃபுட்பால் லீக் டச்டவுனுக்கே 7 புள்ளி கொடுத்து, அதன்மேல் ஒரு புள்ளிக்கு ஓடச் சொன்னது. 2001-இல் எக்ஸ்.எஃப்.எல். என்ற இன்னொரு லீக் உதையை நீக்கியது. 2020-இல் அது மறுபிறவி எடுத்தபோது 2 யார்டிலிருந்து 1 புள்ளி, 5 யார்டிலிருந்து 2, 10 யார்டிலிருந்து 3 என்று ஏணி வைத்தது.

குடெல் 2014-இல் குறிப்பிட்ட யோசனை வேறு மாதிரி: டச்டவுனுக்குத் தானாகவே 7. வேண்டுமானால் ஓடிப் பார்க்கலாம். ஜெயித்தால் 8, தோற்றால் 6. கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால், ஒரு புள்ளியைப் பணயம் வைத்து ஒரு புள்ளி. பாதிக்கு மேல் ஜெயித்தால்தான் லாபம். டூ-பாயின்ட் வெற்றி விகிதமோ பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஆக, பெரும்பாலான பயிற்சியாளர்கள் 7-ஐ வாங்கிக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். உதையும் போயிருக்கும், ஓட்டமும் வந்திருக்காது. இந்த மாதிரி யோசனைகளைக் கழிக்கத்தான் அடுத்த படி.

அதற்கு முன், 2015-இல் கோல்ட்ஸ் கொண்டுவந்த முன்மொழிவையும் சொல்லிவிடுகிறேன். டூ-பாயின்ட்டில் ஜெயித்த அணிக்கு 32 யார்டு கோட்டிலிருந்து, அதாவது 50 யார்டு தூரத்திலிருந்து, ஒரு போனஸ் உதை. உள்ளே போனால் இன்னொரு புள்ளி. ஒரு டச்டவுனில் 9 புள்ளி வரை எடுக்கலாம். 9 புள்ளி பின்தங்கினால் இரண்டு முறை அடிக்க வேண்டும் என்ற, ஆட்டத்தின் எல்லா வியூகமும் நிற்கும் தூணையே அது அசைத்திருக்கும். நிறைவேறவில்லை, நல்லதே நடந்தது.

படி 4: சமன்புள்ளியைக் கண்டுபிடியுங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உதை சராசரியாக எவ்வளவு புள்ளி தருகிறது? 2014-இல் 0.99. டூ-பாயின்ட் எவ்வளவு? அந்த சீஸனில் 59 முறை முயன்று 28 முறை வென்றார்கள், ஏறத்தாழ 47.5 விழுக்காடு, இரண்டால் பெருக்கினால் 0.95. ஆக, உதையே லாபம். பயிற்சியாளர்கள் கோழைகள் என்று திட்டிப் பயனில்லை; விதியே அவர்களை உதைக்கச் சொல்லியது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். டூ-பாயின்ட் வெற்றி 47 அல்லது 48 விழுக்காடு என்றால், உதையின் வெற்றி 94 முதல் 96 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது இரண்டும் சமம். இந்த இடம்தான் குறி. அதற்கு மேலே இருந்தால் எல்லோரும் உதைப்பார்கள். ரொம்பக் கீழே தள்ளினால் யாருமே உதைக்க மாட்டார்கள். அதுவும் ஒரு வெற்று முடிவுதான். பயிற்சியாளர் உண்மையிலேயே தலையைச் சொறிய வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது.

பேட்ரியாட்ஸ் 2014-இல் முன்வைத்தது 25 யார்டு கோடு. 25, எண்ட் ஸோன் 10, ஹோல்டர் பந்தை நிறுத்தும் இடத்துக்கு இன்னொரு 8. மொத்தம் 43 யார்டு உதை. குளிர்காலத்தில் பஃபலோ போன்ற திறந்தவெளி மைதானத்தில் அது சமன்புள்ளிக்கு ரொம்பக் கீழே போய்விடும். கூரை போட்ட மைதானத்து அணிக்கு ஒரு விதி, காற்றடிக்கும் மைதானத்து அணிக்கு ஒரு விதி என்று ஆகியிருக்கும். 15 யார்டு கோடு என்றால் 33 யார்டு. கைக்கு எட்டும் தூரம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உதைக்க முடியாத தூரம்.

இன்னொரு திருகையும் இதே தராசில் வையுங்கள். 2015-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், டூ-பாயின்ட் ஆட்டத்தை 1 யார்டு கோட்டிலிருந்து தொடங்கலாம் என்றது. தைரியமான யோசனை. ஆனால் தாக்கும் அணியை நடத்தும் குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாகத் தள்ளி ஒரு யார்டு எடுக்கும் உத்தியை அதே ஈகிள்ஸ் சில ஆண்டுகளில் கைவந்த கலையாக்கியது. 1 யார்டு விதி அன்று நிறைவேறியிருந்தால், ஒரு வெற்று ஆட்டத்தை ஒழிக்கப்போய் இன்னொன்றைப் பெற்றெடுத்திருப்பார்கள். அளவுகளை வைக்கும்போது இன்னும் யாரும் கண்டுபிடிக்காத உத்திக்கும் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.

படி 5: சும்மா இருக்கும் ஆட்டங்களில் சோதியுங்கள்

என்.எஃப்.எல்.லுக்குக் கிடைத்த பெரிய வசதி ப்ரீசீஸன். முடிவு பதிவேட்டில் ஏறாது, ஆனால் உதைப்பவர்கள் உண்மையான கிக்கர்கள். 2014 ப்ரீசீஸனின் முதல் இரண்டு வாரமும் 15 யார்டு கோட்டிலிருந்து உதைக்கச் சொன்னார்கள். 141 உதை, 133 உள்ளே, 94.3 விழுக்காடு. இரண்டே வாரத்தில் தவறியது 8. அந்த ஆண்டின் முழு சீஸனிலும் பழைய தூரத்தில் தவறியதும் அதே 8.

அடுத்து 2015 ஜனவரி புரோ பௌல். இது காட்சி ஆட்டம். இங்கே 33 யார்டோடு கோல்போஸ்டையும் குறுக்கினார்கள். பதினெட்டரை அடியை 14 அடியாக்கினார்கள். லீக் கண்ட மிகச் சிறந்த கிக்கர்களில் ஒருவரான ஆடம் வினட்டேரி இரண்டு எக்ஸ்ட்ரா பாயின்ட்டையும் ஒரு ஃபீல்டு கோலையும் (ஆட்டத்தின் நடுவே 3 புள்ளிக்காக உதைப்பது) தவறவிட்டார். இரண்டு திருகை ஒரே நேரத்தில் திருகினால் எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், கம்பத்தைக் குறுக்கினால் ஃபீல்டு கோலும் கடினமாகும்; நீங்கள் சரிசெய்ய வராத ஆட்டமும் சேர்ந்து மாறும். நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், உதைப்பதா ஓடுவதா என்ற முடிவு முழுவதும் புரளும். தூரத்தை மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்ட்ரா பாயின்ட்டை மட்டும் தொட்டுவிட்டு விலகிவிடலாம். உங்கள் யோசனைக்கும் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: இது வேறு எந்த ஆட்டத்தையெல்லாம் தொடுகிறது?

படி 6: 24 வாக்கு சேருங்கள்

விதியை மாற்ற 32 அணிகளில் 24 சம்மதிக்க வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை உதவாது. இதன் கனத்தை 2025 மே மாதம் பார்த்தோம். முன்னே சொன்ன அந்தத் தள்ளும் உத்தியைத் தடை செய்ய 22 அணிகள் ஆதரவு தந்தும், தீர்மானம் தோற்றது.

வழக்கமான பாதை இதுதான்: சீஸன் முடிந்ததும் விதிகளைப் பரிசீலிக்கும் காம்பெட்டிஷன் கமிட்டி அணிகளிடம் கருத்துக் கேட்கும், பிப்ரவரியில் இண்டியானபொலிஸில் கூடும், மார்ச் ஆண்டுக் கூட்டத்தில் முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு வரும். அணிகளும் தாமாகவே முன்மொழியலாம். 2015 மார்ச்சில் அரிஸோனா கூட்டத்தில் எக்ஸ்ட்ரா பாயின்ட் பற்றி எல்லோருக்கும் மாற வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, எப்படி மாற வேண்டும் என்பதில் இல்லை. அதனால் அவசரப்பட்டு வாக்கெடுக்காமல் மே மாதத்துக்குத் தள்ளினார்கள். 2015 மே 19 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கமிட்டியின் வடிவம் 30-2 என்று நிறைவேறியது. எதிர்த்தவை ஓக்லண்டும் வாஷிங்டனும்.

மார்ச்சில் தள்ளிவைத்தது ஒன்று, ஓராண்டுக்கு மட்டும் என்று நிறைவேற்றியது இன்னொன்று. இந்த இரண்டையும் நீங்களும் பின்பற்றலாம். "பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு பழையபடி" என்று சொல்லும்போது தயங்குகிறவர்களின் கை சுலபமாக உயரும். 2016 மார்ச்சில் அதை நிரந்தரமாக்கினார்கள்.

படி 7: ஓரக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்

"15 யார்டிலிருந்து உதை" என்ற ஒரு வரி போதாது. களத்தில் நடுவர் கையைப் பிசையக்கூடாது என்றால் கீழே உள்ளவற்றுக்கெல்லாம் விதிப்புத்தகத்தில் வரி வேண்டும்.

யார் எப்போது முடிவைச் சொல்வது? உதையும் ஓட்டமும் இப்போது வெவ்வேறு கோட்டிலிருந்து தொடங்குவதால், அணி முதலிலேயே நடுவரிடம் சொல்லியாக வேண்டும். முன்பு இரண்டும் 2 யார்டிலிருந்து தொடங்கியதால் ரகசியம் காக்க முடிந்தது. டாம் டுப்பாவின் பாவனை ஓட்டம் அதனால்தான் பலித்தது. 15 யார்டிலிருந்தும் பாவனை செய்யலாம், எண்ட் ஸோனை எட்டினால் 2 புள்ளியும் உண்டு. ஆனால் 15 யார்டு ஓட யாருக்குத் துணிச்சல்? அந்தத் தந்திரம் கிட்டத்தட்டச் செத்துவிட்டது. இந்த மாற்றத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இழப்பு இது ஒன்றுதான்.

தடுக்கும் அணி தவறு செய்தால்? உதைக்க நின்ற அணி மனதை மாற்றிக்கொண்டு, தண்டனையை 2 யார்டு கோட்டிலிருந்து கணக்கிட்டு, 1 யார்டிலிருந்து டூ-பாயின்ட்டுக்குப் போகலாம். ஒரு சின்ன ஆஃப்சைடு (முன்கூட்டியே கோட்டைத் தாண்டும் தவறு) ஆட்டத்தின் போக்கையே மாற்றும் இடம் இது. அடுத்த முறை எக்ஸ்ட்ரா பாயின்ட்டில் தவறைக் காட்டும் நடுவரின் மஞ்சள் கொடி விழுந்தால் எழுந்து போகாமல் பாருங்கள்.

பந்து தடுக்கும் அணியின் கைக்குப் போனால்? 2015 வரை அந்த முயற்சி அங்கேயே முடிந்துவிடும். புதிய விதி அதற்கு உயிர் கொடுத்தது: தடுத்த பந்தையோ பறித்த பாஸையோ எடுத்துக்கொண்டு மறுமுனை வரை ஓடினால் 2 புள்ளி. கல்லூரி ஆட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்த விதிதான். தூரத்தைப் பற்றியே எல்லோரும் பேசினாலும், இந்த வரிதான் ஆட்டத்துக்கு அதிகம் தந்தது என்பது என் கருத்து.

2016 நவம்பர் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட்ஸ் டச்டவுன் அடித்து டென்வர் பிராங்கோஸுடன் 23-23 என்று சமன் செய்துவிட்டது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. எக்ஸ்ட்ரா பாயின்ட் போனால் முன்னிலை. பந்தைப் பின்னால் எறியும் ஸ்னாப் நடந்த கணத்தில் டென்வரின் ஜஸ்டின் சிமன்ஸ், குனிந்து நின்ற ஸ்னாப்பருக்கு மேலே பாய்ந்து மறுபக்கம் இறங்கி, பந்தைக் கையால் தட்டினார். வில் பார்க்ஸ் அதை அள்ளிக்கொண்டு இடது ஓரமாகவே மறுமுனை வரை ஓடினார். ஓரக் கோட்டை மிதித்தாரா இல்லையா என்று வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அவர் போட்டிருந்ததும் வெள்ளை ஷூ, கோடும் வெள்ளை. எங்கே ஷூ முடிகிறது, எங்கே கோடு தொடங்குகிறது என்று எந்தக் கோணத்திலும் உறுதியாகத் தெரியவில்லை. களத்தில் கொடுத்த தீர்ப்பு நின்றது. 25-23, டென்வர் வெற்றி. பழைய விதியில் இந்த 2 புள்ளியே கிடையாது.

மூன்று வாரம் கழித்து அட்லாண்டாவில் இன்னொன்று. ஃபால்கன்ஸ் 28-27 என்று முன்னேறிவிட்டு, வித்தியாசத்தை 3 ஆக்க டூ-பாயின்ட்டுக்குப் போனது. கணக்குப்படி சரியான முடிவு. மாட் ரயன் எறிந்த பாஸை கேன்ஸஸ் சிட்டியின் எரிக் பெர்ரி பறித்துக்கொண்டு முழு மைதானமும் ஓடினார். 29-28, ஆட்டத்தின் முடிவும் அதே. 30-27 ஆக வேண்டியது 28-29 ஆனது. எடுக்க நினைத்த 2 புள்ளியோடு கொடுத்த 2 புள்ளியும் சேர்ந்து நான்கு புள்ளி சாய்ந்துவிட்டது.

படி 8: நடைமுறைக்கு வந்த பின் எண்ணுங்கள், ஓட்டையை அடைத்துவிடுங்கள்

2015 சீஸன்: 1,217 உதை, 71 தவறு. 94.2 விழுக்காடு. ப்ரீசீஸன் சோதனை சொன்ன எண்ணிலிருந்து அரை விழுக்காடுகூட விலகவில்லை. டூ-பாயின்ட் முயற்சி 59-லிருந்து 94 ஆனது. குறிபார்த்துத் திருகிய திருகு குறியிலேயே நின்றது.

அந்த சீஸனின் முடிவில் விதி தன் பல்லைக் காட்டியது. ஏ.எஃப்.சி. இறுதி ஆட்டம், அதாவது லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு முந்தைய படி; எதிரணி டென்வர். பேட்ரியாட்ஸின் ஸ்டீவன் கொஸ்ட்கௌஸ்கி 2006-க்குப் பிறகு எக்ஸ்ட்ரா பாயின்ட்டைத் தவறவிட்டதே இல்லை. தொடர்ந்து 523 உள்ளே. முதல் கால் பகுதியில் உதைத்தது வலது பக்கம் வெளியே போனது. டென்வர் 7, பேட்ரியாட்ஸ் 6. அந்த ஒரு புள்ளி ஆட்டம் முழுக்க அணியின் கழுத்தில் தொங்கியது. 12 விநாடி மீதமிருக்க கிரன்கௌஸ்கி டச்டவுன் பிடித்து 20-18 ஆனபோது, டூ-பாயின்ட்டைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் பறிபோனது. எக்ஸ்ட்ரா பாயின்ட் கடினமாக வேண்டும் என்று முன்மொழிந்த அதே அணி, அதனாலேயே சூப்பர் பௌல் வாய்ப்பை இழந்தது.

அடுத்த சீஸனில் ஒரே வாரத்தில் 12 உதை தவறியது. கிக்கர்களின் வேலை நிஜமாகவே மாறிவிட்டது. மனம் குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டாலஸின் பிரெட் மாஹர் சாட்சி: 2023 ஜனவரியில் டாம்பாவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் முதல் நான்கு எக்ஸ்ட்ரா பாயின்ட்டையும் தவறவிட்டு, ஐந்தாவதைத்தான் உள்ளே அனுப்பினார். டாலஸ் 31-14 என்று வென்றதால் பிழைத்தது.

ஓட்டைகளும் தெரிய வந்தன. சிமன்ஸ் பாய்ந்தது அன்றைய விதிப்படி செல்லும். ஆனால் குனிந்து நிற்பவரின் தலைக்கு மேல் பாய்வது இருவருக்கும் ஆபத்து. 2017-இல் தடை செய்தார்கள். பரிசைக் கூட்டினால் அந்தப் பரிசுக்காகப் புதிய ஆபத்தைத் தேடுவார்கள், அதையும் எதிர்பார்க்க வேண்டும்.

2018-இல் இன்னொரு சிறு திருத்தம். அந்த ஆண்டு ஜனவரியில் மினசோட்டா வைகிங்ஸ் கடைசி விநாடி டச்டவுனில் செயின்ட்ஸை 29-24 என்று வீழ்த்தியது. ஆட்டம் முடிந்துவிட்டது, ஆனாலும் எக்ஸ்ட்ரா பாயின்ட் ஆட வேண்டும் என்று விதி. உடை மாற்றும் அறைக்குப் போய்விட்ட செயின்ட்ஸ் வீரர்களைக் கூட்டிவந்து நிறுத்தி, வைகிங்ஸ் ஒரு முறை மண்டியிட்டு முடித்தது. அடுத்த சீஸனிலிருந்து, கடைசி விநாடி டச்டவுனிலேயே வெற்றி முடிவாகிவிட்டால் எக்ஸ்ட்ரா பாயின்ட் தேவையில்லை என்று மாற்றினார்கள்.

எண்ணிக்கையில் தெரியாத ஒரு பலனும் இருக்கிறது. 14 புள்ளி பின்தங்கிய அணி டச்டவுன் அடித்து 8 புள்ளி பின்னால் நிற்கிறது என்று வையுங்கள். இன்னொரு டச்டவுனும் அடிக்கும், எதிரணி இனிப் புள்ளி எடுக்காது, ஓவர்டைம் பாதிக்குப் பாதி என்று கொள்வோம். உதை 94, டூ-பாயின்ட் 48 விழுக்காடு. இப்போது உதைத்து, அடுத்ததற்கும் உதைத்தால் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு. இப்போதே டூ-பாயின்ட்டுக்குப் போனால் 59. ஏனென்றால் இது பலித்தால் அடுத்த உதையிலேயே ஜெயிக்கலாம். பலிக்காவிட்டால் இன்னொரு டூ-பாயின்ட்டால் சமன் செய்யும் வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. சுவாரஸ்யம் என்னவென்றால், பழைய 99 விழுக்காட்டை வைத்துப் போட்டாலும் இதே முடிவுதான் வரும். பல ஆண்டுகளாகச் சரியாக இருந்த முடிவைப் பயிற்சியாளர்கள் எடுக்கவில்லை. உதை தவறலாம் என்று ஆன பிறகுதான் பேனாவை எடுத்து மொத்தக் கணக்கையும் புதிதாகப் போட்டார்கள் என்று நினைக்கிறேன். அரிதாக நடந்த இந்த முடிவு இப்போது சாதாரணமாகிவிட்டது.

படி 9: மறுபடி எப்போது தொடுவது?

கிக்கர்கள் பழகிக்கொள்வார்கள். பல சீஸன்கள் 93, 94 என்று இருந்த வெற்றி விகிதம் அண்மையில் 96-ஐ ஒட்டி ஏறியிருக்கிறது. "மறுபடியும் சுலபமாகிவிட்டது, 20 யார்டுக்குத் தள்ளு" என்ற குரல் கேட்கும். நான்காவது படிக்குத் திரும்பிப் போங்கள். டூ-பாயின்ட் 48 விழுக்காடு என்றால் 96 என்பது சமன்புள்ளியேதான், அவசரம் இல்லை. ஒரு சீஸன் எண்ணை வைத்துத் தொடவும் கூடாது. மூன்று நான்கு சீஸன் தொடர்ந்து 97-ஐத் தாண்டி, டூ-பாயின்ட் முயற்சியும் குறைந்தால், அப்போது 20 யார்டு கோடு, அதாவது 38 யார்டு உதை, பரிசீலிக்கத் தக்கது.

அப்போதும் வரிசை இதேதான். கம்பத்தின் அகலத்தைத் தொடாதீர்கள், 2 யார்டு கோட்டைத் தொடாதீர்கள், புள்ளியைத் தொடாதீர்கள். ப்ரீசீஸனில் இரண்டு வாரம் 20 யார்டிலிருந்து உதைக்கச் சொல்லுங்கள், திறந்த மைதானத்தையும் கூரை மைதானத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள், ஓராண்டு விதியாக மார்ச் கூட்டத்தில் வையுங்கள். 24 வாக்கு சேராவிட்டால் மே வரை காத்திருங்கள்.